பெட்டிக்குள் கிடக்கும் தொலைக்காட்சிப் பதிவுகள்: வெளியே எடுக்க எந்த வழி?

எங்கள் ரிவிக்குக் கீழே இருக்கிற ரெக்கோர்டர் பெட்டி போன தை மாதம் 'டிக், டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. பல்லி என்றுதான் முதலில் நினைத்தோம். அம்மா குனிந்து காதைக் கொடுத்துவிட்டு, "தம்பி, உது பல்லி இல்லை, பெட்டிக்குள்ளதான் கேக்குது" என்றார். ஹாட் டிஸ்க்கில் ஓரிடத்தைப் படிக்க முடியாமல் அதன் தலை திரும்பத் திரும்பப் போய்வரும்போது எழும் சத்தம் அது.

பெட்டிக்குள் 42 மணித்தியாலப் பதிவு இருந்தது. முக்கால்வாசி போனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. நாடகங்கள், பட்டிமன்றங்கள், பிறகு பார்ப்போம் என்று பிடித்துவைத்துப் பார்க்காமலே விட்ட படங்கள். ஆனால் அதற்குள் பெரியப்பா இருந்தார். இணுவில்காரர், தவில் வாசித்தவர். நல்லூர்த் தேர் நேரடி ஒளிபரப்பில் தேர் வெளிவீதி வரும்போது கமரா அவர் நின்ற பக்கம் திரும்பி ஏழு நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறது. இன்னொரு நிகழ்ச்சியில் தான் வித்தை பழகிய காலத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. அந்த 37 நிமிடமும் எங்களிடம் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பாவின் மகள், எங்கள் அக்கா, கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதை எனக்கு அனுப்பேலுமோ?" அனுப்புவதற்கு முதல் வெளியே எடுக்க வேண்டும். எத்தனை வழி இருக்கிறது, எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று இரண்டு மாதம் பார்த்தேன். இங்கே கனபேர் வீட்டில் இதே மாதிரி ஒரு பெட்டியும், அதற்குள் இதே மாதிரி ஒரு முகமும் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். படம் எவ்வளவு தெளிவாக வரும் என்பதை வைத்து வழியைத் தெரிவு செய்ய வேண்டாம். நாளைக்கு இந்தப் பெட்டி செத்துப்போனாலும் கோப்பு வேறொரு கணினியில் திறக்குமா என்பதை மட்டும் கேளுங்கள். பெட்டியோடு சேர்ந்து சாகிற எச்டி பதிவைவிட, எங்கேயும் திறக்கிற கொஞ்சம் மங்கலான பதிவு ஆயிரம் மடங்கு பெறுமதியானது.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

யாழ்ப்பாணத்து வீடுகளில் பொதுவாக மூன்று வகைப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று, இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் போன்ற கட்டணமில்லாத அலைவரிசைகளை எடுக்கும் டிஷ் ரிசீவர். (பொதிகை என்று நாங்கள் பார்த்துப் பழகியது 2024 தையிலிருந்து டிடி தமிழ்.) இதில் யூஎஸ்பி துளை இருக்கும், பென் டிரைவைக் குத்தினால் பதியும். இரண்டாவது, மாதக் கட்டணம் கட்டுகிற பெட்டி, உள்ளூர்ச் சேவையாகவும் இருக்கலாம், டிடிஎச் எனப்படும் இந்திய டிஷ் சேவையாகவும் இருக்கலாம். மூன்றாவது, இணைய இணைப்பு வழியாக வருகிற தொலைக்காட்சி. அதில் 'பின்னோக்கிப் பார்க்கும்' வசதி இருந்தாலும் நிகழ்ச்சி உங்கள் வீட்டில் இல்லை, சேவை தருபவரின் கணினியில் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்கள் கழிந்ததும் அங்கிருந்து போய்விடும். ஆகவே மூன்றாம் வகைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

உங்களுடையது திறந்த பெட்டியா பூட்டிய பெட்டியா என்று அறிய கடைக்காரரிடம் கேட்பதைவிட இது நல்லது: வெறும் பென் டிரைவ் ஒன்றைக் குத்தி, ஏதாவதொரு அலைவரிசையை ஒரு நிமிடம் பதிந்து நிறுத்துங்கள். கழற்றிக் கணினியில் போட்டு, விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். செம்மஞ்சள் கூம்பு அடையாளம் உள்ள அதே விஎல்சிதான், இலவசம். படம் ஓடினால் பெட்டி திறந்தது. கோப்பு இருந்தும் ஓடாவிட்டால் பூட்டியது. டிரைவே கணினியில் தெரியாவிட்டால் உடனே முடிவெடுக்க வேண்டாம், அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். பெட்டியில் யூஎஸ்பி துளை இருந்தும் பதிய விடாது என்றாலும் பூட்டியது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

'வெறும்' பென் டிரைவ் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புது டிரைவைக் கண்டதும் பல பெட்டிகள் அதை ஃபோர்மட் செய்யட்டுமா, அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துத் தயார்படுத்தட்டுமா, என்று கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணை தன் மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள் இருந்த ஹாட் டிஸ்க்கை ரிசீவரில் குத்தினார். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. ரிமோட்டில் ஓகே அமர்த்தினார். அவ்வளவுதான். மறுபக்கம் கணினியிலும் இதே பொறி உண்டு. பெட்டி தயாரித்த டிரைவை விண்டோஸ் கணினியில் போட்டால், "இதைப் பாவிக்க முதல் ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு கட்டம் வரும். டிரைவ் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பெட்டி லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் முறையில் எழுதியிருக்கிறது, விண்டோஸுக்கு அது வாசிக்கத் தெரியாது. வேண்டாம் என்று அமர்த்திவிட்டுக் கழற்றுங்கள்.

திறந்த பெட்டி என்றால்

உங்களுக்கு அதிர்ஷ்டம். இங்கே ஒப்பிட்டுப் பார்க்கவே ஒன்றுமில்லை, நேரடியாகக் கொப்பி பண்ணுவதுதான் வழி. சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசை செக்கனுக்கு 4 மெகாபிட் அளவில் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1.8 ஜிபி பிடிக்கும். கணினியில் யூஎஸ்பி 2.0 துளை நடைமுறையில் செக்கனுக்கு 30 மெகாபைட் அளவில் ஓடும். அதாவது ஒரு மணித்தியால நிகழ்ச்சி ஒரு நிமிடத்தில் வந்துவிடும். எங்களுடையது திறந்த பெட்டியாக இருந்திருந்தால் 42 மணித்தியாலமும் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்திருக்கும். தரமும் குறையாது. வானிலிருந்து வந்த அதே தரவு, அப்படியே.

கோப்புகள் பெரும்பாலும் டிஎஸ் என்ற வகையில் இருக்கும். இதைக் கண்டு சிலர் பயந்து, உடனே எம்பி4 ஆக மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். டிஎஸ் என்பது 188 பைட் துண்டுகளாக அடுக்கிய ஓட்டம். இடையில் சில துண்டுகள் பழுதானாலும் மீதி ஓடும். நிலையற்ற அலைகளுக்காகவே அமைத்த முறை, வைத்திருக்கவும் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு எம்பி4 வேண்டுமானால் தனியாக ஒன்று செய்துகொள்ளலாம். நடுவில் வெட்டி எடுப்பதற்கு லொஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும். அது படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு நிகழ்ச்சி 4 ஜிபி அளவில் துண்டு துண்டாக வந்தால் பெட்டியின் பிழை அல்ல. டிரைவை ஃபாட்32 என்ற முறையில் ஃபோர்மட் செய்திருந்தால் ஒரு கோப்பு அதற்கு மேல் போகாது. துண்டுகளை வரிசைப்படி ஒரே கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, வெளி ஹாட் டிஸ்க்கைக் குத்தினால் சில பெட்டிகள் கண்டுகொள்ளாது. யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஅம்பியர்தான். சில டிஸ்க் சுழலத் தொடங்க அது காணாது. தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் போட்டால் சரியாகும்.

பூட்டிய பெட்டி என்றால்

எங்களுடையது இந்த வகை. மாதக் கட்டணப் பெட்டிகள் பதிவை எழுதும்போதே குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றி, எழுதுகின்றன. திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே, அல்லது பெட்டியும் அதில் செருகும் சந்தா அட்டையும் சேர்ந்த சோடியில் இருக்கிறது. அதனால் கோப்பைக் கொப்பி பண்ண முடிந்தாலும் கிடைப்பது வெறும் எண் குப்பை.

எதைத் தொடங்குவதற்கும் முதல் ஒன்றைக் கவனியுங்கள். கட்டணத்தை நிறுத்தாதீர்கள், பெட்டியை மாற்றாதீர்கள். கட்டணம் முடிந்ததும் பழைய பதிவுகளையும் காட்ட மறுக்கும் பெட்டிகள் உண்டு. சத்தம் கேட்கிறது என்று நான் முதலில் போன இடத்தில், "பழசைத் தாங்கோ, புதுசு தாறம்" என்று மிகவும் அன்பாகச் சொன்னார்கள். பதிவுகள் என்னாகும் என்று கேட்டேன். "அது வராது அண்ணை." கையில் கொண்டுபோன பெட்டியை அப்படியே சைக்கிளில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். கேட்காமல் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். எனக்கும் அதுதான் தோன்றியது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடக்கினால் லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை வாசிக்கலாம். வாசிக்கவும் முடிந்தது. கோவைகள் தெரிந்தன, அளவுகளும் சரியாக இருந்தன. ஒன்றும் ஓடவில்லை. பழைய திறந்த வகை ரெக்கோர்டர்களுக்கு இது அருமையான வழி. பூட்டிய பெட்டிக்கு இது நேர விரயம், அதோடு ஏற்கெனவே நோய்ப்பட்ட டிஸ்க்கைக் கழற்றிப் பூட்டுவதில் ஆபத்தும் உண்டு. நான் செய்தது பிழை என்றே இப்போது நினைக்கிறேன். அதிர்ஷ்டவசமாகத் திரும்பப் பூட்டியதும் பெட்டி வேலை செய்தது.

எச்டிஎம்ஐ வயரிலிருந்து பிடிக்கும் கப்சர் கார்ட் கடையில் கிடைக்கிறது. 1920×1080 புள்ளியில் பளிச்சென்று பிடிக்கும் என்று அதன் உறையில் போட்டிருக்கும். வீட்டுக் கமராவுக்கு, கேம் விளையாடுவதைப் பிடிப்பதற்கு அது உண்மை. கட்டணப் பெட்டியில் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருக்கிறது. பெட்டி படத்தை அனுப்ப முதல் மறுமுனையில் இருப்பது அனுமதி பெற்ற திரைதானா என்று சரிபார்க்கும். கப்சர் கார்ட் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. இதைத் தாண்டுவதற்கென்று சில கருவிகள் விற்கிறார்கள். அது பூட்டை உடைக்கும் வேலை. அந்தப் பக்கம் நான் போகவில்லை, மற்றவர்களுக்கும் சொல்லமாட்டேன்.

மிஞ்சுவது மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அந்தப் பழைய ஏவி வயர்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது.

மஞ்சள் வயர்

பெட்டியின் ஏவி துளையிலிருந்து படம் சாதாரண அலையாக வெளியே வருகிறது. அதை யூஎஸ்பி கப்சர் கார்ட் ஒன்று (தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கடைகளில் ஈசிகப் என்று கேட்டால் தருவார்கள்) கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிறது. கணினியில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் அதைப் பதிகிறது. எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறை பால் (PAL) என்பதால் 720×576 புள்ளி, செக்கனுக்கு 25 சட்டம் (ஃப்ரேம்) என்று அமைக்க வேண்டும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்று கிடந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும்.

இதன் குறை நேரம். பெட்டியில் நிகழ்ச்சி ஓட ஓடத்தான் பதியலாம். 42 மணித்தியாலத்துக்கு 42 மணித்தியாலம். நேரடிக் கொப்பியில் முக்கால் மணித்தியாலம் எடுக்கிற வேலை இங்கே ஒரு கிழமை. அதனால் முதலில் பட்டியல் போட வேண்டும். நாங்கள் ஒரு கொப்பித் தாளில் மூன்று நிரல் கீறினோம்: வேறெங்கும் இல்லாதவை, கிடைத்தாலும் கிடைக்கும் என்பவை, விடலாம் என்பவை. முதல் நிரலில் வந்தது ஐந்து மணித்தியாலம் மட்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைப்பவர் கடைசியில் முக்கியமானதைத் தவறவிடுவார். டிஸ்க் எந்த மணித்தியாலத்தில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பெரியப்பாவிலிருந்துதான் தொடங்கினேன்.

தொடங்கியதும் படம் வரவில்லை. சிறிய பெட்டிகளில் மூன்று துளைக்குப் பதிலாக இயர்ஃபோன் துளை மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள் நான்கு இணைப்பு. எது படம் எது ஒலி என்ற ஒழுங்கு வயருக்கு வயர் வேறுபடும். மஞ்சளைக் கழற்றி, சிவப்பு முனையை மஞ்சள் துளையில் போட்டேன். பெரியப்பா வந்துவிட்டார். சில பெட்டிகளில் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றினால்தான் ஏவி பக்கம் உயிர் வரும், அதையும் பாருங்கள்.

அடுத்தது இரைச்சல். ஒலியில் தொடர்ந்து ஒரு 'ம்ம்ம்' கேட்டது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. பெட்டியும் கணினியும் வேறு வேறு வழியால் எர்த்தைத் தொடும்போது வருகிற இரைச்சல் இது. பற்றரியில் ஓடவிட்டால் போய்விடும். ஆனால் பற்றரி இரண்டு மணித்தியாலம்தான், ஆகவே நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பதிந்தேன்.

ஒலியின் அளவை நான் மூன்று முறை திருத்தினேன். தவில் சும்மா வாத்தியம் இல்லை. பேச்சுக்குச் சரியாக வைத்த அளவில் தவில் தொடங்கியதும் ஓபிஎஸ்ஸில் ஒலிக்கோடு சிவப்புக்குப் போய்க் கரகரத்தது. ஒருமுறை கரகரத்துப் பதிந்தால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாது. பெட்டியின் ஒலியைக் குறைத்து, மிக உரத்த இடத்தை ஓடவிட்டு, கோடு சிவப்பைத் தொடாமல் நிற்கும் வரை பார்த்த பிறகே பதிந்தேன். மெதுவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம்.

படத்தின் வடிவத்துக்கும் தவில்தான் அளவுகோலாக இருந்தது. முதல் பதிவில் தவிலின் வலப்பக்க முகமான வலந்தலை வட்டமாக இல்லாமல் மேலும் கீழும் நீண்டு முட்டை மாதிரித் தெரிந்தது. 720×576 என்பதை அப்படியே சதுரப் புள்ளியாகக் காட்டினால் இப்படித்தான் வரும். அகலத்திரை நிகழ்ச்சியை 1024×576 ஆகவும், பழைய 4:3 நிகழ்ச்சியை 768×576 ஆகவும் காட்ட வேண்டும். உங்கள் பதிவில் தவில் இல்லாவிட்டால் மணிக்கூடோ வண்டிச் சில்லோ வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முகத்தை வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கொஞ்சம் மெலிந்த முகத்தைக் கண்டு "அப்ப வடிவா இருந்திருக்கிறார்" என்று அம்மாவே சொன்னார்.

வேகமாக அசையும் கை சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய முறையில் ஒவ்வொரு சட்டமும் இரண்டு பாதியாக, செக்கனுக்கு 50 பாதியாக வருகிறது. விஎல்சியில் பார்க்கும்போது 'டிஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டால் சரியாகிவிடும். மூலப் பதிவை அப்படியே விடுங்கள்.

இனி மின்வெட்டு. 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் போய்விட்டது என்றாலும், பின்னேர மழைக்குச் சட்டென்று நிற்பது நிற்கத்தான் செய்கிறது. மடிக்கணினி பற்றரியில் நின்றாலும் பெட்டி நின்றுவிடும், நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு அது அடி. சிறிய யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் பெட்டிக்குக் கொடுத்தேன். மேசைக் கணினியில் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: ஓபிஎஸ்ஸில் எம்பி4 என்று வைக்காமல் எம்கேவி என்று வைக்க வேண்டும். சாதாரண எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் முழுக்கோப்பும் திறக்காது. எம்கேவி என்றால் அதுவரை பதிந்தது இருக்கும்.

தரம்? எச்டி ஒளிபரப்பை ஏவி வழியாக எடுத்தால் கூர்மை குறைவதை மறைக்க முடியாது. சாதாரணத் தர ஒளிபரப்பு என்றால் வித்தியாசம் சின்னது. ரொறன்ரோ அக்காவின் பெரிய ரிவியில் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்ததாம். ஆனால் சில ஒளிபரப்புகளில் ஏவி பக்கத்திலும் பாதுகாப்பு இருக்கும். படம் வெளுத்து, கறுத்து, வெளுத்து வரும். அப்படி வந்தால் அது வயரின் பிழை இல்லை, அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

கடையில் கொடுப்பது, போனில் எடுப்பது, ஒளிபரப்பியவரிடமே கேட்பது

கணினியோடு மல்லுக்கட்ட முடியாத வயதானவர்களுக்குக் கடை நல்ல வழி. யாழ்ப்பாண நகரிலும் திருநெல்வேலியிலும் கல்யாண வீடியோ செய்கிற கடைகளில் பலர் பழைய கசெட்டுகளை மாற்றித் தருகிறார்கள், அதே கருவியில் இதையும் செய்யலாம். மூன்று விஷயம் கேளுங்கள். பெட்டியையே கொண்டுவர வேண்டும் என்று சொல்கிறாரா? டிஸ்க்கை மட்டும் கழற்றித் தாங்கோ என்றால் அவருக்குப் பூட்டைப் பற்றித் தெரியாது. டிவிடியாகத் தருகிறாரா, கோப்பாகத் தருகிறாரா? ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான், எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் எழுதிய டிவிடி நீண்ட காலம் நிற்பதில்லை. கோப்பாக, உங்கள் டிரைவிலேயே கேளுங்கள். அப்புறம், பக்கத்தில் இருந்து ஒரு நிமிடம் பதிந்து காட்டச் சொல்லுங்கள். கடையில் இரவு முழுக்க ஓடவிடுவதால் ஒலி கரகரத்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போனால் திரையைப் படமெடுப்பதைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சாகப்போகிற பெட்டிக்கு முதல் மருந்து அதுதான். சத்தம் கேட்ட அன்றிரவே வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்து, போனை இரண்டு புத்தகத்துக்கு நடுவில் நிறுத்தி, அந்த ஏழு நிமிடத்தை எடுத்துவைத்தோம். பின்னால் நாய் குரைப்பதும் கேட்கிறது. பரவாயில்லை, மற்ற வழிகளைத் தேடிய இரண்டு மாதமும் அந்தப் பதிவு இருந்ததால்தான் நித்திரை வந்தது. போனில் செக்கனுக்கு 25 அல்லது 50 சட்டம் என்று வைக்க வசதியிருந்தால் வையுங்கள், 30இல் எடுத்தால் திரை மினுங்கலாம்.

ஒளிபரப்பிய நிறுவனத்திடம் கேட்பது எல்லாவற்றிலும் நேர்மையான வழி, கிடைத்தால் தரமும் அதில்தான் கூட. நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் சரியாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் பதிவுப் பட்டியலிலேயே அவை இருக்கும், அந்தத் திரையைப் போனில் படமெடுத்து வையுங்கள். யூடியூப்பில் அவர்களே ஏற்றியிருக்கவும் கூடும். ஆனால் அங்கே இருக்கிறது என்று நம்பி வீட்டில் இருப்பதை அழிக்க வேண்டாம். சேர்ந்து ஓடிய ஒரு பாட்டின் உரிமைச் சிக்கலுக்காகக்கூட ஒரு வீடியோ ஒருநாள் காணாமல் போகும்.

இதே உரிமை எங்களுக்கும் பொருந்தும். பெரியப்பா எங்களுடையவர், ஒளிபரப்பு எங்களுடையது இல்லை. வீட்டில் பார்க்க, பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பிரதி வைத்திருக்கிறோம். பொதுவில் ஏற்றுவதென்றால் கேட்டுத்தான் ஏற்றுவோம்.

எதில் வைப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பென் டிரைவ் கொண்டுபோக, கொடுக்க. வைத்திருக்க அல்ல. எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் அலுமாரியில் கிடந்தால் தரவை இழக்கக்கூடும். அலுமாரிக்குச் சாதாரண 2.5 அங்குல வெளி ஹாட் டிஸ்க்தான் என் தெரிவு. 1 டிபி டிஸ்க் ஒன்றில் சாதாரணத் தரப் பதிவு 500 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றுக்குக் காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குத்தி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் தைப்பொங்கலுக்கும் ஆடிப்பிறப்புக்கும் என்று வைத்திருக்கிறோம், மறக்காது.

எதில் வைத்தாலும் இரண்டு பிரதி, ஒன்று இந்த ஊருக்கு வெளியே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன ஏறத்தாழ 97,000 நூல்களில், வேறெங்கோ பிரதி இருந்தவற்றைத் தேடிப் பிடிக்க முடிந்தது. ஓலைச்சுவடிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. 2005 முதல் இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தை நாங்கள் எல்லோரும் பாவிக்கிறோம், அதுவும் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பிரதியை வைத்திருந்ததால்தான் முடிகிறது.

தவிலில் நாங்கள் இன்னும் பேசுகிற தெட்சிணாமூர்த்தி 1975இல் காலமானார். பெரியப்பா அந்த அரை மணித்தியாலப் பேச்சில் அவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார். சிறுவனாகக் கோயில் வீதியில் நின்று கேட்டதை, எந்த விரல் எப்படி விழுந்தது என்று மேசையில் தட்டிக் காட்டுகிறார். ஏவி வயரில் வந்த மென்மையான படத்திலும் அந்த விரல்கள் தெரிகின்றன.

முதல் நிரலில் இருந்த ஐந்து மணித்தியாலமும் நான்கு இரவில் முடிந்தது. ஒரு டிஸ்க் எங்கள் அலுமாரியில், மற்றது சித்திரையில் வந்துபோன மச்சானின் பையில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. பெட்டி இன்னும் டிக்கிடுகிறது. இரண்டாம் நிரலில் ஒன்பது மணித்தியாலம் மிச்சம், அதில் அம்மா கேட்கிற திருவெம்பாவை நிகழ்ச்சி இருக்கிறது. மழை இல்லாத இரவாகப் பார்த்து அதைத்தான் அடுத்ததாகப் போடப்போகிறேன்.